ஒன்றரை சென்ட்டில் நான்கு பேர்: எதை அசையாமல் கட்டுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி, 8 மார்ச் 2025

மதுரையில் பழைய தெரு. தாத்தா வீட்டைப் பாகம் பிரித்ததில் என் பங்குக்கு 16 அடி அகலம், 40 அடி நீளம் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். நான், மனைவி, மூன்று வயதுப் பெண், அம்மா. கையில் இருக்கும் பணம் கீழ்த்தளத்துக்குத்தான் காணும். இரண்டு பெட்ரூம், ஒன்றில் அட்டாச்டு பாத்ரூம், ஹால், கிச்சன், பூஜை அறை எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்கிறார் எஞ்சினியர். மடக்குக் கட்டிலும் மடக்கு மேஜையும் போட்டால் இடம் மிஞ்சும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். சின்ன வீட்டில் நிஜமாகவே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

8 மார்ச், இரவு

தம்பி, நாங்களும் மதுரைதான். 16-க்கு 42 மனை, 2016-இல் குடி வந்தோம். நான், வீட்டுக்காரர், பையன், அத்தை என்று நான்கு பேர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக 14 வருஷம் ஒரு கட்டட அலுவலகத்தில் டிராயிங் போட்டவள் நான். அதனால் இரண்டு பக்கமும் நின்று பேச முடியும்.

முதலில் உங்கள் வரைபடத்தில் நடையை, அதாவது அறைகளைத் தாண்டிப் போகிற வழியை, அளந்து பாருங்கள். முக்கால் அடிச் சுவர் இரண்டு போனால் உள்ளே 14½ அடி. இரண்டு பெட்ரூமையும் தாண்டிப் பின்னால் போக 3 அடியில் ஒரு நடை வேண்டும். அது 25 அடி ஓடினால் 75 சதுரடி. கீழ்த்தளத்தில் எட்டில் ஒரு பங்கை நடந்து போவதற்கு மட்டும் கொடுக்கிறீர்கள். அதில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, இருட்டாகவும் இருக்கும்.

உங்கள் தாத்தா வீட்டில் நடை இருந்ததா? திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் போயிருக்கும். கூடத்தில் சாப்பிட்டார்கள், படித்தார்கள், படுத்தார்கள், பிள்ளை பெற்றவளைத் திரை கட்டிப் படுக்கவைத்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பாய் விரித்தார்கள். இடத்துக்கு வேலையின் பெயரை வைக்காததால் எந்த வேலைக்கும் அது ஆயிற்று. பெட்ரூம், டைனிங் என்று வரைபடத்தில் எழுதிய உடனே அந்த இடம் பாதி நாள் சும்மா கிடக்க ஆரம்பிக்கிறது.

9 மார்ச்

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கதவு சாத்திக்கொள்கிற மாதிரி ஓர் அறை கட்டாயம் வேண்டும். உங்களுக்கு மனைவி இருக்கிறாள், நாளைக்கு வளர்ந்த பெண் இருப்பாள். கூடத்தைப் புகழ்கிற வேகத்தில் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு. பழைய வீட்டில் மூச்சுவிட இடமில்லாமல் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

15 மார்ச்

மாடிப்படிக்கு வருவோம். இப்போது மாடி கட்டாவிட்டாலும் படிதான் வீட்டைத் தீர்மானிக்கும். தளத்துக்குத் தளம் 10 அடி. படி உயரம் 7 அங்குலம் வைத்தால் 17 படி. நாங்கள் நடுவில் திரும்புகிற படி போட்டோம். இரண்டு வரிசை 3 அடி அகலம், திரும்புகிற இடம் 3 அடி, கால் வைக்கும் பலகை 10 அங்குலம். ஆகமொத்தம் 6-க்குப் பத்தடியை நெருங்கிவிட்டது. 58 சதுரடி. ஒரு சமையலறை அளவு.

அதைக் கொண்டுபோய் வீட்டின் பின்பக்கம் வைத்தோம். இது எங்கள் வீட்டில் நான் செய்த பெரிய தப்பு. 2021-இல் மேலே ஓர் அறை போட்டோம், வாடகைக்கு விட்டால் கடனுக்கு ஆகும் என்று. குடி வருகிறவர் எங்கள் கூடத்தையும் அடுப்படியையும் தாண்டி மேலே போக வேண்டும். யார் வருவார்கள்? கடைசியில் பையன் படிக்கிற அறை ஆயிற்று. படி வாசல் ஓரம் இருந்திருந்தால் அந்த அறை வாடகைக்குப் போயிருக்கும், என் வீட்டுக்காரரின் தம்பி ஊரிலிருந்து வந்தால் தங்கியிருப்பார், நாளைக்குப் பையனுக்குக் கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் ஆகியிருக்கும். ஒரே அறைக்கு மூன்று வாழ்க்கை. படி இருக்கிற இடத்தால் மூன்றும் போயிற்று.

16 மார்ச்

மேலே ஒருவர் கேட்டது சரி: திரும்பாமல் சுவரோரமாக நேராக ஏற்றினால் இடம் குறையாதா? குறையும். 16 பலகை, தலா 10 அங்குலம், 13 அடி 4 அங்குலம் நீளம். அகலம் 3 அடி. 40 சதுரடிதான். இன்னொரு லாபம், படிக்கு அடியில் உயரம் ஒரே சரிவாகக் கிடைக்கும். உயரமான பக்கம் வாஷிங் மெஷின், நடுவில் இன்வெர்ட்டர், தாழ்ந்த பக்கம் அரிசி மூட்டையும் செருப்பும். உங்கள் மனை 40 அடி நீளம் என்பதால் வாசலிலிருந்து தொடங்கி நேராகவே ஏற்றுங்கள். பெரியவர்களுக்கு நடுவில் ஒரு படியை மட்டும் 3 அடிக்கு அகலப்படுத்தி நின்று மூச்சுவாங்க இடம் விடுங்கள். அதற்கு இரண்டேகால் அடி நீளம் கூடும்.

30 மார்ச்

மடக்குக் கட்டில். 2017-இல் வாங்கினோம். சுவரோடு சேர்த்து நிமிர்த்தி வைக்கிற வகை. கடைக்காரர் வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டுப் போனார். முதல் மாதம் தினமும் மடக்கினோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் மட்டும். மெத்தை, போர்வை, தலையணை, பையனின் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு மடக்க வேண்டும். காலையில் பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் அது நடக்காது.

ஆறாவது மாதம் மேல் போல்ட் இரண்டும் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. கட்டிலின் குற்றமில்லை. அந்தச் சுவர் நாங்கள் எலிப்பொறிக் கட்டு என்கிற முறையில் கட்டியது. செங்கலைப் படுக்கவைக்காமல் விலாவில் நிறுத்தி, நடுவில் பொள்ளல் விட்டுக் கட்டுவது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பல வருஷம் இப்படிக் கட்டினார். முக்கால் அடிச் சுவருக்கே செங்கல் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம், சாந்தும் குறைவு, பொள்ளலில் நிற்கிற காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் போல்ட் அடித்தால் பாதி பொள்ளலுக்குள்தான் போகும். கனம் எதையாவது தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் இரண்டு வரிசை கெட்டியாகக் கட்டச் சொல்ல வேண்டும். மூலையிலும், ஜன்னல் கதவு ஓரத்திலும், லிண்டலுக்கு (ஜன்னல் கதவுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) கீழேயும் எப்படியும் கெட்டியாகத்தான் வரும். பைப், வயர் போகிற இடத்தையும் கட்டுவதற்கு முன்பே முடிவு பண்ண வேண்டும், அப்புறம் காடி வெட்டினால் செங்கல் உடையும்.

இப்போது அந்த அறையில் பத்தமடைப் பாய் இரண்டு, கயிற்றுக் கட்டில் ஒன்று. கட்டிலைப் பகலில் நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிடுகிறோம். ஒரு கையால் தூக்கலாம்.

2 ஏப்ரல்

வாஸ்து கேட்டவருக்கு: வீட்டின் நடுவைக் காலியாக விடச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நடுவில் முற்றம். அத்தைக்கும் திருப்தி, எனக்கும் வெளிச்சம். இதில் சண்டைக்கு இடமே வரவில்லை.

4 மே

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. இந்த வாரம் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் பழைய வீட்டுக்குள் போய் நின்று பாருங்கள் தம்பி, இடிப்பதற்கு முன்னால். அப்புறம் பக்கத்தில் புது வீடு எதற்குள்ளாவது நின்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் வீடு ஒட்டியிருப்பதால் நம் பக்கச் சுவரில் வெயில் படாது. அது நமக்கு வரம். வருகிற வெப்பத்தில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்துதான். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணிக்குக் கீழே இறக்கும். மின்விசிறி போட்டால் அந்தச் சூட்டைத்தான் நம் மேலே வாரி இறைக்கும்.

அதனால் முற்றத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். எங்களுடையது 5-க்கு 6 அடிதான். மேலே கம்பி கிராதி, அதற்கு ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தகடு. இடைவெளி நாலு பக்கமும் திறந்தே இருக்கும். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியே போகிறது, வாசல் ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வருகிறது. முற்றத்து வாசலில் ஊதுபத்தி ஏற்றிவைத்தால் புகை முதலில் முற்றத்துக்குள் திரும்பும், அப்புறம் மேலே போகும். பையன் நாலு வயதில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

இதையே வேறு மாதிரி செய்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. 1960-களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் குழாய் வீடு என்று ஒன்று கட்டினார். அகலம் 12 அடிதான், நம்முடையதை விடக் குறைவு. நீளம் 60 அடி. கூரையைச் சரிவாக வைத்து, சூடான காற்று சரிவோடு ஏறி உச்சியில் இருக்கும் திறப்பு வழியாகப் போகவிட்டார். உள்ளே கதவுகள் மிகக் குறைவு, தள மட்டத்தை ஏற்றி இறக்கியே இடத்தைப் பிரித்தார். ஏசி இல்லாமல் இருக்க நினைத்தால் 16 அடி ஒரு குறையே இல்லை.

மாடியில் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பதை விடாதீர்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை, அதன் மேல் தட்டோடு, அதற்கு மேல் வருஷா வருஷம் சித்திரைக்கு முன் வெள்ளை. எங்கள் மாடியில் பாதிக்குச் சுரைக்காய்ப் பந்தல். கொடி இருக்கும் பக்கத்துக்குக் கீழே ராத்திரி படுக்க முடிகிறது, இல்லாத பக்கம் முடியவில்லை. ஒரே வீடு, ஒரே தளம்.

11 மே

ஃபில்லர் ஸ்லாப், அதாவது உள்ளே ஓடு வைத்துப் போடும் கான்கிரீட் தளம் பற்றிக் கேட்டிருந்தார்கள். கூடத்துக்கு மட்டும் போட்டோம். தளத்தின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், கம்பியைப் பிடித்துக்கொள்ளவும் மூடவும் மட்டுமே அங்கே கான்கிரீட். கம்பிக்கு இடையில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைக்கலாம். கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, இரண்டு ஓட்டுக்கு நடுவில் காற்று. ஓட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை அது குடித்துவிடும்.

எங்கள் மேஸ்திரி முதலில் மாட்டேன் என்றார். சென்ட்ரிங் பலகை மேல் நின்று ஒவ்வோர் ஓடாக நானும் அவரும் வைத்தோம். மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் மின்விசிறிக் கொக்கி வர வேண்டிய இடத்தில் ஓடு. எல்லாம் கட்டி முடிந்த கம்பி. கொக்கியை அடுத்த இடைவெளிக்குத் தள்ளினோம், இன்றைக்கும் விசிறி நடுவிலிருந்து எட்டு அங்குலம் தள்ளியே சுற்றுகிறது. கம்பி கட்டுவதற்கு முந்தின நாள் பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, விசிறியும் விளக்கும் எந்தக் கட்டம் என்று எலக்ட்ரீஷியனை நிற்கவைத்துக் குறியுங்கள்.

22 ஜூன்

வீட்டை இடிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜேசிபி வேண்டாம். ஆள் விட்டுப் பிரியுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின பழைய செங்கல் தட்டினால் முழுசாகப் பிரியும், சிமென்ட்டில் கட்டினது பிரியாது, உடையும். எங்கள் பழைய வீட்டில் சித்தாள் மூன்று பேர் முற்றத்தில் உட்கார்ந்து கொத்துக்கரண்டி முனையால் சுரண்டி அடுக்கினார்கள். ஆறாயிரம் கல் தேறிற்று. உள்சுவர் முழுக்க அந்தக் கல்தான். இரண்டு தேக்கு நிலை, ஒரு தூண், கூடத்துக் கல் தரை எல்லாம் திரும்பவும் அதே வீட்டுக்குள் வந்தது. அத்தை அந்தத் தூணில்தான் சாய்ந்து உட்காருவார்.

பசுமை வீடு என்று ஆரோவில் மண்கல்லைப் பலர் சொல்கிறார்கள். நல்ல கல். மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு போலச் சிமென்ட் சேர்த்து அழுத்துவது, சூளை கிடையாது. சொந்த மனையில் மண் தோண்டி அங்கேயே அடித்தால்தான் அதன் முழுப் பயன். ஒன்றரை சென்ட்டில் எங்கே தோண்டுவது? லாரியில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொண்டுவருவதை விட, இடிக்கிற வீட்டின் கல்லே மேல். உங்கள் காலடியில் கிடக்கிறது.

10 ஆகஸ்ட்

ஆடி முடியட்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதற்குள் பணத்தை எதில் முதலில் போடுவது என்று யோசிப்போம்.

இந்தூரில் ஆரண்யா என்று ஒரு குடியிருப்பு. கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்தது, 1980-களில். சுமார் 6,500 வீடுகள். மிகச் சின்ன மனை 35 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீடு கொடுக்கவில்லை. மேடை, கழிவறை, தண்ணீர்க் குழாய், சாக்கடை இணைப்பு, சிலருக்கு ஓர் அறை. மிச்சத்தை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். 1995-இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது.

சிலி நாட்டில் இகீகே என்ற ஊரில் 2004-இல் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 93 குடும்பங்களுக்கு அரை வீடு கட்டியது. மானியப் பணம் முழு வீட்டுக்குக் காணவில்லை. அப்படியானால் எந்தப் பாதியைக் கட்டுவது? குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளச் சிரமப்படும் பாதியை: சமையலறை, குளியலறை, மாடிப்படி, கனமான சுவர்கள். பக்கத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டார்கள். அறைகளை மக்களே சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் நிலையும் அதுதான் தம்பி. அஸ்திவாரமும் பில்லரும் மாடிக்குத் தாங்குகிற மாதிரி. படி வாசலோரம். சமையலறையும் கழிவறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம், எல்லாப் பைப்பும் அந்தச் சுவரில், மேல் தளத்துக்கும் குழாய் விட்டு மூடி போட்டுவையுங்கள். இவை அசையக்கூடாதவை, இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். அலமாரி, குறுக்குச் சுவர், பால்ஸ் சீலிங், இரண்டாவது அறை எல்லாம் பிறகு. இரண்டாவது அறைக்குச் சுவரே வேண்டாம், இப்போதைக்கு லிண்டல் மட்டத்தில் திரைக்கம்பி போதும். உங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அரைச் செங்கலில் ஒரு வாரத்தில் சுவர் எழும். அதற்கான ஜன்னலையும் ஸ்விட்சையும் மட்டும் இப்போதே இரண்டு பக்கமும் வைத்துவிடுங்கள்.

7 செப்டம்பர்

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

2022 தை மாதம் அத்தை முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கட்டில் போட்டோம். அரை மணியில் கூடம் ஆஸ்பத்திரி அறை ஆயிற்று, அந்த வகையில் வீடு கைகொடுத்தது. அன்று சாயங்காலம் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாக்கர் உள்ளே போகவில்லை.

கதவு 2½ அடி. நிலையின் கட்டை இரண்டு பக்கமும் போனால் உள்ளே 2 அடி 1 அங்குலம். கதவு உள்பக்கம் திறந்து நிற்பதால் அதன் கனமும் சேர்ந்துகொள்கிறது. வாக்கரின் கால் நிலையில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அத்தை ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் போட்டு, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ராத்திரி என்னை எழுப்ப வேண்டாம் என்று.

அலுவலகத்தில் எத்தனை நூறு வரைபடத்தில் கழிவறைக் கதவு 2½ என்று என் கையால் போட்டிருக்கிறேன். எல்லோரும் போடுகிற அளவு, யாரும் கேட்டதில்லை. பங்குனியில் அந்த நிலையை உடைத்து எடுத்து 3 அடியில் வைத்தோம். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே யாராவது விழுந்து கதவோரம் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. டைல்ஸ், தாழ்வாரம், சுவிட்ச் எல்லாம் உடைந்து, ஒன்பது நாள் வேலை. கட்டும்போதே வைத்திருந்தால் அரை அடி மரம்தான் கூடுதல்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது நடக்க முடிகிறதா என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

19 அக்டோபர்

நேற்று ராத்திரி நல்ல மழை. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பேருக்கு ஒரு குழி எல்லா வீட்டிலும் உண்டு. எங்களுடையது திண்ணைக்கு அடியில் சம்ப், 6-க்கு 4, ஆழம் 5. மாடி 550 சதுரடி, 51 சதுர மீட்டர். மதுரையில் வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 43,000 லிட்டர். கழிவு போக 34,000 வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு நாளைக்கு 400 லிட்டர் என்றால் 85 நாள் தண்ணீர்.

20 அக்டோபர்

அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு தண்ணீரைச் சேர்த்துவைக்க இடம் எங்கே என்று பதில் எழுதியவர் கேட்டது நியாயம். எங்கள் சம்ப் 3,400 லிட்டர்தான், எட்டு நாள். மழையில் கிட்டத்தட்ட பாதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டிவிடும், நிரம்பின சம்ப்பில் அடுத்த மழையை எங்கே பிடிப்பது? மிச்சத்தைப் பழைய கிணற்றுக்கு விட்டிருக்கிறோம். உங்கள் தாத்தா வீட்டுப் பின்கட்டில் கிணறு இருக்கும் என்று நினைக்கிறேன். பாகப்பிரிவினையில் அது யார் பக்கம் வந்தாலும் மூடவிடாதீர்கள். முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட ஒரு வால்வு வையுங்கள், தட்டோட்டுத் தூசி அதோடு போய்விடும்.

16 நவம்பர்

புது வரைபடம் பார்த்தேன். படி வாசலோரம் நேராக ஏறுகிறது, முற்றம் 5-க்கு 5 இருக்கிறது, நடை போய்விட்டது. உங்கள் மனைவி சொல்லி அடுப்படி ஜன்னலை முற்றத்துப் பக்கம் திருப்பியது எனக்குத் தோன்றாத யோசனை, குழந்தை விளையாடுவது தெரியும். பூஜைக்குத் தனி அறை இல்லாமல் தூணோரம் மாடம் வைத்ததில் அம்மாவுக்குச் சம்மதமா என்று ஒரு தடவை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

வியாழக்கிழமை வாசக்கால் வைக்க நாள் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கழிவறை நிலை வரைபடத்தில் இன்னும் 2½ அடியாகவே இருக்கிறது, திறப்பும் உள்பக்கம். ஆசாரி மரம் அறுப்பதற்குள் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்: வெளியளவு 3 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கீழே வாசற்படிக் கட்டை வேண்டாம். சொன்னதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.